தொடர் துறையின் வரலாறும் லினக்ஸ் கணனியும்

பழைய நெறிகள் புதிய பொறிகளினுள்ளே மறைந்து வாழுமாற்றைக் காண விழைவார்க்குத் தொடர் துறையின் வரலாறு தக்கதொரு சான்றாகும். லினக்ஸ் கணனியிலே தொடர் துறை விரிவாக்க அட்டையைப் பொருத்துவோர்க்கு நேரும் இடர்கள் பல இவ்வரலாற்றின் விளைவுகளே என்பதை ஈண்டு ஆராய்வாம்.

எழுத்தைக் குறிகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் விடுக்கும் முறை தந்திக் காலத்தது. பிரான்சு நாட்டவராகிய எமில் போடோ 1874இல் தமது தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். குறிவேகத்தின் அலகாகிய 'போட்' அவர் பெயரினின்றும் பிறந்தது. பின்னர்த் தோன்றிய தொலைத் தட்டச்சுப் பொறி 'ரெலிரைப்' எனப்பட்டது. அதன் சுருக்கமே லினக்சில் இத்துறைகளின் பெயர்க்கு முன்னிற்கும் 'ரீ.ரீ.வை.' என்பதாம். 1960இல் அமெரிக்காவிலே ஆர்.எஸ்.-232 என்னும் நியமம் வகுக்கப்பட்டது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியில் 8250 என்னும் சில்லு இப்பணியை ஆற்றிற்று. முதற்றுறைக்கு 3எஃப்8 என்னும் முகவரியும் 4ஆம் இடையீட்டுத் தடமும், இரண்டாவதற்கு 2எஃப்8 என்பதும் 3ஆம் தடமும் உரியனவாயின. பின்வந்த மூன்றாம், நான்காம் துறைகள் முகவரியால் வேறுபட்டனவேனும் அவ்விரு தடங்களையே பங்கிட்டன. அக்காலத்து அமைப்பில் ஒரே தடத்தை இரண்டு அட்டைகள் ஒருங்கே ஆளுதல் அரிதாகையால் பூசல் விளைந்தது. நான்கு என்னும் தொகையோ மரபாக நிலைத்தது.

1991இல் ஹெல்சிங்கியிலே மாணவராயிருந்த லினஸ் டொர்வால்ட்ஸ், மொடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணனியோடு தொடர்புகொள்ளும் பொருட்டு முனையச் செய்நிரலொன்றை எழுதினார். அதுவே வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று. ஆகவே, லினக்ஸ் தொடர் துறையின் வாயிலிற் பிறந்தது எனல் மிகையன்று. முன்கூறிய நான்கு துறைகளும் அதில் 'ரீ.ரீ.வை.எஸ்.0' முதல் 'ரீ.ரீ.வை.எஸ்.3' வரை பெயர் பெற்றன.

1992இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட பீ.சீ.ஐ. முறை முகவரிகளைத் தானே பங்கிடுவது. இடையீட்டுத் தடத்தைப் பலர் பகிரவும் இடந்தருவது. பழைய பூசல் இதனால் ஒழிந்தது. தொகை பற்றிய மரபோ ஒழிந்திலது. லினக்சின் கருநிரல் சிலவற்றில் இன்றும் நான்கு துறைகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. தாய்ப்பலகையிலுள்ள துறைகளோடு அட்டையின் துறைகளும் சேர்ந்து அத்தொகையை விஞ்சுமாயின், எஞ்சியவை பெயர் பெறா. 'எல்எஸ்பீசீஐ' என்னும் கட்டளை அட்டையைக் காட்டும். 'டீமெசேஜ்' கட்டளையால் வரும் பதிவேடோ துறையைச் சேர்க்க இயலவில்லை என்றுரைத்து, இடமின்மையைக் குறிக்கும் -28 என்னும் பிழையெண்ணையும் தரும். அட்டை பழுதென எண்ணி அதனைக் களைதல் பேதைமையாம். கணனி தொடங்குகையில் 8250 செலுத்திக்குரிய 'என்ஆர்_யூஆர்ட்ஸ்' என்னும் அளவுருவை 8 என உயர்த்தின், மறைந்திருந்த துறைகள் வெளிப்படும்.

அட்டையிற் குற்றமில்லை, 1980களின் கணக்கொன்று அதனை மறைத்திருந்தது. பொறியின் குறையை ஆராய்வோர் அதன் வரலாற்றையும் வினாவுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.