மூத்திரப்பையும் மூத்திரத்தாரையும் (நாய், பூனை)

நாய், பூனை ஆகியவற்றின் சிறுநீரகங்களில் ஊறும் மூத்திரம் இரு நாளங்களின் வழியே வந்து தங்கும் தசைப்பையை மூத்திரப்பை என்றும், அங்கிருந்து அது வெளியேறும் ஒற்றைக் குழாயை மூத்திரத்தாரை என்றும் வழங்குவர். பையின் சுவரில் விரிந்துகொடுக்கும் உட்சவ்வு, அதனடியில் நார்ப்படலம், சுருங்கித் தள்ளும் தசை, மெல்லிய புறப்போர்வை என நான்கு படைகள் உண்டு. இவற்றுள் தையலைத் தாங்கும் வலிமை நார்ப்படலத்துக்கே உரியது. இரு நாளங்களின் வாய்களும் தாரையின் வாயும் கூடும் கழுத்துப் பகுதியிலுள்ள முக்கோணப் பிரதேசத்தை விலக்கியே வைத்தியர் பையைத் திறப்பர்.

பெண் மிருகங்களில் தாரை குட்டையாகவும் அகன்றும் இருத்தலால் அடைப்பு அபூர்வம். ஆண் நாயிலோ தாரை குறியெலும்பின் பள்ளத்துள் புகுந்து செல்வதால், அங்கே விரிய இடமின்றி, அவ்வெலும்பின் பின்விளிம்பிலேயே கற்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன. ஆண் பூனையின் தாரை, பையின் அருகே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டத்துடன் தொடங்கிக் குறியை அடையும்போது 0.7 மில்லிமீட்டராகக் குறுகிவிடுவதால், சளியும் நுண்படிகங்களும் திரண்ட சிறு அடைப்பே அதன் உயிருக்கு ஆபத்தாகிறது. மூத்திரம் தேங்கத் தேங்க இரத்தத்தில் பொட்டாசியம் பெருகி, இருதயத் துடிப்பு தளர்ந்து, சில தினங்களுக்குள் மரணம் நேரும்.

இவ்வடைப்புகளுக்கான சஸ்திர சிகிச்சை சிறு மிருகங்களுக்குத் தாமதமாகவே கிட்டியது. 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் பூர்ஷெலா என்பவர் நிறுவிய முதல் மிருக வைத்தியப் பள்ளியின் கவனம் குதிரை, மாடுகளின் மீதே இருந்தது. 1846-இல் ஈதர் மயக்கமும், 1867-இல் லிஸ்டரின் கிருமிநாசினி முறையும், 1895-இல் ரான்ட்ஜனின் எக்ஸ் கதிரும் தோன்றி, வலியையும் சீழையும் ஐயத்தையும் ஒருங்கே குறைத்த பின்னரே, வயிற்றைத் திறந்து கல்லை எடுக்கும் சிகிச்சை சிறு மிருகங்களுக்கும் உரியதாயிற்று.

ஆண் பூனையின் பிரச்சினை மட்டும் நெடுங்காலம் தீராதிருந்தது. 1963-இல் கார்போன் என்பவர் ஆசனவாய்க்குக் கீழே தாரைக்குப் புதுவாய் அமைக்கும் முறையை வெளியிட்டார். எனினும் இவ்வித வாய்கள் ஆறும்போது சுருங்கிவிடுதல் பெருங்குறையாக இருந்தது. 1971-இல் அமெரிக்க வைத்தியர்களான வில்சன், ஹாரிசன் இருவரும் அங்க அமைப்பையே வழிகாட்டியாகக் கொண்டனர். குறியைப் பிணிக்கும் தசைகளையும் பந்தனத்தையும் இடுப்பெலும்பிலிருந்து விடுவித்து, குமிழ்ச் சுரப்பிகளின் மட்டம் வரை, அதாவது தாரையின் விட்டம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டராக உள்ள இடம் வரை, அதை நீளவாக்கில் பிளந்து, அதன் உட்சவ்வைத் தோலுடன் இழுவிசையின்றி நுண்ணிய தையல்களால் பொருத்தி, குறுகிய முனையை நீக்கிவிடுவது அவர்கள் முறை. குறுகலை விரிக்க முயலாமல், இயல்பாகவே அகன்ற இடத்தை வெளியே கொணர்ந்தமையே இதன் வெற்றிக்குக் காரணம். இன்றும் பெரும்பாலோர் கைக்கொள்வது இதுவே.

நாய்க்கும் இதே நியாயம் பொருந்தும். சிக்கிய கல்லை உப்புநீரைச் செலுத்திப் பைக்குள் மீளத் தள்ளி, அங்கிருந்து எடுப்பதே முதல் வழி. மீண்டும் மீண்டும் அடைப்பு நேர்ந்தால், தாரை அகன்றும் தோலை ஒட்டியும் செல்லும் விரைப்பை இடத்தில், விரைகளை அகற்றிப் புதுவாய் அமைப்பர்.

சஸ்திரம் வழியைத் திறக்குமேயன்றி நோயின் மூலத்தைப் போக்காது. 1981-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆஸ்போர்ன் என்பவர் நிறுவிய கல் ஆய்வு மையம் போன்றவற்றின் உழைப்பால், ஸ்ட்ரூவைட் என்னும் வகைக் கற்களைத் தக்க ஆகாரத்தாலேயே கரைக்கலாம் என்பதும், கால்சியம் ஆக்சலேட் கற்கள் அவ்வாறு கரையா என்பதும் தெளிவாயின. கிருமியோ கல்லோ இன்றியே பூனைக்கு மூத்திரப்பை அழற்சி வரலாம் என்பதும், அதில் மனக்கலக்கத்துக்குப் பங்குண்டு என்பதும் பின்னர் அறியப்பட்டன. ஆகவே, போதிய நீர், பொருந்திய ஆகாரம், அமைதியான வாசம் இவற்றால் காக்க முயன்று, அவை பயன்படாதபோதே கத்தியை நாடுவது இக்கால வழக்கம். ஆயினும் முக்கி முக்கியும் மூத்திரம் வராத ஆண் பூனையை அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் கடமையினின்று இவற்றுள் எதுவும் வளர்ப்போரை விடுவிப்பதில்லை.