அற்பப் பாவமும் மன்னிப்பின் வழிகளும்: கத்தோலிக்க ஒழுக்க இறையியலில் ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வி மரபு, மனிதர் தாமே செய்யும் பாவத்தைச் 'சாவான பாவம்', 'அற்பப் பாவம்' என இருவகைப்படுத்துகிறது. பின்னதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோ, மன்னிப்பு எனப் பொருள்படும் 'வேனியா' என்பதன் அடியாகப் பிறந்தது. மன்னிக்கத்தக்கது என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழ்ச்சொல் அளவைச் சுட்ட, இலத்தீன் சொல் மன்னிப்பைச் சுட்டுகிறது. அளவை மட்டும் கருதினால், திருச்சபை இப்பாவங்களுக்கு மன்னிப்பின் வழியை ஏன் வேறாக வகுத்தது என்பது விளங்காது.

ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் (354–430) காலத்தில், பெரும் பாவம் செய்தவர் நற்கருணையினின்று விலக்கப்பட்டு, வாழ்நாளில் ஒருமுறையே கிட்டும் பொதுத் தவ ஒறுத்தலை மேற்கொள்ள வேண்டியிருந்தது. அன்றாடக் குற்றங்களுக்கு அவர் காட்டிய மருந்து வேறு: கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பு வேண்டும் பகுதி, தருமம், நோன்பு.

இவ்வழக்கத்திற்குக் கோட்பாட்டு அடிப்படை அமைத்தவர் தாமஸ் அக்குவினாஸ் (இ. 1274). சாவான பாவம் மனிதனை அவனது இறுதி இலக்காகிய இறைவனிடமிருந்து திருப்பிவிடுகிறது. அற்பப் பாவம் இலக்கை மாற்றுவதில்லை, அதை நோக்கிய நடையைத் தளர்த்துகிறது. ஆகவே எத்தனை அற்பப் பாவங்கள் சேர்ந்தாலும் அவை ஒரு சாவான பாவம் ஆகிவிடா. அளவுக்கு இடமே இல்லை என்பதன்று. திருட்டில் பொருளின் சிறுமை கணக்கில் கொள்ளப்படும். முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத நிலையும் அவ்வாறே. எனினும் வேறுபாட்டின் வேர் அளவில் இல்லை. தீர்த்தம் தெளித்தலாலும் மார்பில் அறைந்துகொள்வதாலும் ஆயரின் ஆசியாலும் இவை நீங்கும் என்கிறார் அவர். இது சடங்கின் தன்னாற்றலைப் பற்றிய கூற்றன்று. பாவத்தை வெறுக்கும் மனநிலையையோ இறைவன்மீதான பக்தியையோ அச்செயல்கள் எழுப்புவதாலேயே மன்னிப்பு கிட்டுகிறது.

1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயதடைந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பாவங்கள் அனைத்தையும் குருவிடம் அறிக்கையிட வேண்டுமெனக் கட்டளையிட்டது. மனச்சான்றின்மீது குருத்துவ அதிகாரம் முழுமையாக நிறுவப்பட்டதற்கு இதையே சான்றாகக் கொள்வது வழக்கம். அம்முடிவு ஓரளவே பொருந்தும். பாவசங்கீர்த்தனத்தைச் சீர்திருத்தவாதிகளிடமிருந்து காக்க முனைந்த திரெந்து சங்கமே, 1551ஆம் ஆண்டின் பதினான்காம் அமர்வில், அற்பப் பாவங்களை அறிக்கையிடுவது பயனுள்ளது என்றபோதிலும், அவற்றைச் சொல்லாது விடுவது குற்றமன்று என்றும், வேறு பல வழிகளால் அவற்றுக்குப் பரிகாரம் தேடலாம் என்றும் அறிவித்தது. குருவின் செவிக்கு எட்டாத மன்னிப்புக்கு இவ்வாறு சங்கமே இடம் விட்டது. எல்லாப் பாவமும் இயல்பில் சாவுக்குரியதே என்று கால்வின் வாதிட்டார். கத்தோலிக்கருள்ளேயே, எப்பாவமும் இயல்பில் அற்பமானதன்று என்னும் லூவேன் பேராசிரியர் பாயுஸின் கூற்றை 1567இல் ஐந்தாம் பயஸ் கண்டித்தார்.

பிற்காலப் பக்தி வழக்கம் இவ்விடத்தைக் குறுக்கியது. நற்கருணை பெற அற்பப் பாவங்களும் தடையென அஞ்சியோர் பலர். அடிக்கடி நற்கருணை பெற, சாவான பாவமின்மையும் நேரிய நோக்கமும் போதுமென 1905இல் பத்தாம் பயஸ் காலத்து ஆணை தெளிவுபடுத்தியது. 1943இல் பன்னிரண்டாம் பயஸ், அற்பப் பாவங்களை அடிக்கடி அறிக்கையிடும் வழக்கத்தை இகழ்ந்தோரைக் கடிந்தார். எனினும் அதைக் கடமையாக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, லாத்தரன் கட்டளையின் 'அனைத்தும்' என்னும் சொல்லை விடுத்து, ஆண்டு அறிக்கையின் கடமையைக் கனமான பாவங்களுக்கே வரையறுத்துள்ளது. அற்பப் பாவங்களை அறிக்கையிடுவது அதில் பரிந்துரையாகவே நிற்கிறது.