படத்துல வர்ற கில்ட் வீரர்கள் நிஜமா? ‘பிரேவ்ஹார்ட்’ முதல் ‘தி லாங்கஸ்ட் டே’ வரை ஒரு செக்கப்!

ஸ்காட்லாந்து வீரர்கள்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? கட்டம் போட்ட பாவாடை மாதிரி ஒரு உடை, கையில் வாள், பின்னணியில் பேக்பைப் சத்தம். அந்த உடைதான் கில்ட். ‘பிரேவ்ஹார்ட்’ பார்த்தவர்களுக்கு முகத்தில் நீலச் சாயம் பூசிய மெல் கிப்சனும் சேர்த்து ஞாபகம் வருவார்.

ஆனா, அந்தக் காட்சியில் இருக்கும் கில்ட்டுக்கும் அந்தப் போர் நடந்த காலத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா? கில்ட்டுக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கு. அது தெரிஞ்சா, எந்தப் படம் கதை விடுது, எது உண்மையைச் சொல்லுதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

‘பிரேவ்ஹார்ட்’ - 300 வருஷம் முன்கூட்டியே வந்த உடை

1995-ல் வெளியாகி, சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர் வாங்கிய படம் இது. கதையின் நாயகன் வில்லியம் வாலஸ் ஆங்கிலேயரை வென்ற ஸ்டெர்லிங் பாலப் போர் நடந்தது 1297, செப்டம்பர் 11-ல். ஆனால், இடுப்பில் பெல்ட் கட்டி உடுத்தும் நீளமான கில்ட் பற்றிய குறிப்புகள் 16-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் கிடைக்கின்றன. கிட்டத்தட்ட 300 வருஷ இடைவெளி!

இன்னொரு விஷயம், கில்ட் ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸ் மக்களின் உடை. வாலஸோ தெற்கே சமவெளிப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய காலாட்படையினர் முழங்கால் வரை வரும் அங்கி, பஞ்சு அடைத்துத் தைத்த தடித்த மேலங்கி போன்றவற்றைப் போட்டுக்கொண்டு, நீண்ட ஈட்டிகளோடு நின்றவர்கள்.

நீலச் சாயம் இன்னும் பழைய கதை. அது ரோமானியர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. எல்லாத்தையும் விட பெரிய காமெடி, பாலத்தால் ஜெயித்த அந்தப் போரில், படத்தில் பாலமே கிடையாது. குறுகிய பாலத்தைப் பாதி ஆங்கிலப் படை கடந்தபோது பாய்ந்து தாக்கியதுதான் வாலஸ் தரப்பின் உத்தி.

ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, அதே காலகட்டத்தைச் சொல்லும் ‘அவுட்லா கிங்’ (2018) பாருங்க. கிறிஸ் பைன் ராபர்ட் புரூஸாக நடித்த இந்தப் படத்தில் கில்ட்டைத் தவிர்த்துவிட்டார்கள்.

நம்ம வேட்டி மாதிரிதான்!

ஆரம்பகால கில்ட் தைத்த உடையே இல்லை. சுமார் 5 மீட்டர் நீளமுள்ள கம்பளித் துணி. கொசுவம் வைத்து, இடுப்பில் பெல்ட் கட்டி, மீதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். மழை வந்தால் தலைக்கு முக்காடு, ராத்திரி ஆனால் அதுவே போர்வை. இடுப்புக்குக் கீழே மட்டும் வரும், இன்று நாம் பார்க்கும் சின்ன கில்ட் 18-ம் நூற்றாண்டில் வந்தது. ‘இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கட்டம்’ என்று டார்ட்டன் துணிகளைப் பிரித்து வைத்ததெல்லாம் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் வேலை.

அதனால, 1700-களில் நடக்கும் கதையில் பெரிய கில்ட் வந்தால் அது சரி. ‘பிரேவ்ஹார்ட்’ வந்த அதே 1995-ல் லியாம் நீசன் நடித்து வந்த ‘ராப் ராய்’ அந்த வகையில் தப்பிக்கிறது.

கட்டினா ஜெயில்... பட்டாளத்துக்கு வந்தா ஓகே!

1746-ல் கல்லோடன் போரில் ஹைலேண்ட்ஸ் கிளர்ச்சியாளர்கள் தோற்றதும், பிரிட்டிஷ் அரசு ஹைலேண்ட்ஸ் உடைக்கே தடை போட்டது. முதல் தடவை மாட்டினால் 6 மாதம் சிறை. இரண்டாவது தடவை என்றால் 7 வருஷம் நாடு கடத்தல். 1782 வரை இந்தச் சட்டம் இருந்தது. ஒரே ஒரு விலக்கு, ராணுவம். அதாவது, சொந்த ஊரில் அப்பா கட்டினால் குற்றம், அரசுக்காகச் சண்டை போடப்போகும் மகன் கட்டினால் சீருடை.

லவாட் பிரபு குடும்பத்தின் கதையைக் கேளுங்க. கிளர்ச்சிக்கு ஆதரவு தந்ததற்காக 1747-ல் அவருடைய தலை வெட்டப்பட்டது. அடுத்த பத்தே வருஷத்தில், 1757-ல், அவருடைய மகன் சைமன் ஃப்ரேசர் அதே பிரிட்டிஷ் அரசுக்காக ஹைலேண்டர் படை ஒன்றைத் திரட்டினார். இந்தக் குடும்பம் கடைசியில் இன்னொரு தடவை வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

‘வாட்டர்லூ’ - எல்லா ஸ்காட்டிஷ் வீரரும் கில்ட் கட்டலை

1970-ல் வந்த ‘வாட்டர்லூ’ படத்தில் ஆயிரக்கணக்கான சோவியத் ராணுவ வீரர்கள் துணை நடிகர்களாக நடித்தார்கள். இதில் வரும் கார்டன் ஹைலேண்டர்ஸ் நிஜமாகவே 1815-ல் கில்ட்டோடு சண்டை போட்டவர்கள். போருக்கு முன்பு ரிச்மண்ட் சீமாட்டி கொடுத்த விருந்தில் அவர்கள் ஆடிய நடனமும் வரலாறுதான்.

ஆனால், வாட்டர்லூவில் கில்ட் கட்டியவை 42, 79, 92 என மூன்று படைப்பிரிவுகளே. 71-வது ஹைலேண்டர் பிரிவினர் கால்சட்டையோடு நின்றார்கள். கில்ட் கட்ட விருப்பமில்லாமல் ஆட்கள் சேர மறுக்கிறார்கள் என்று, 1809-ல் பல ஹைலேண்டர் பிரிவுகளிடமிருந்து கில்ட்டை ராணுவமே எடுத்துவிட்டது. இந்த 71-வது பிரிவு நமக்கும் பழக்கமானதுதான். 1780-ல் மெக்லவுட் ஹைலேண்டர்ஸ் என்ற பெயரில் சென்னையில் வந்திறங்கி, 1781, ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு மோதிய படை அது.

பதுங்குகுழியில் பட்ட பாடு

கில்ட் பற்றி சினிமா அதிகம் சொல்லாத பகுதி முதல் உலகப் போர். பிளாக் வாட்ச், கார்டன், சீஃபோர்த், கேமரன் படைகள் கில்ட்டோடுதான் பிரான்ஸ் போனார்கள். ஆனால், பளிச்சென்று டார்ட்டன் தெரியாது. மேலே காக்கி நிறத்தில் ஒரு ஏப்ரன் கட்டி மறைத்துவிடுவார்கள். அது இல்லாமல் வண்ணமயமாக ஓடிவரும் வீரர்களைக் காட்டினால், அது சினிமா அழகு மட்டும்தான்.

நிஜத்தில், கம்பளிக் கொசுவம் சேற்றுநீரைக் குடித்துக் கனத்துவிடும். குளிரில் அதன் ஓரம் உறைந்து, நடக்க நடக்க முழங்காலின் பின்பக்கத் தோலை அறுக்கும். கொசுவ மடிப்புகள் பேன்களுக்குச் சொகுசு வீடு. 1917 ஜூலையில் ஜெர்மானியர்கள் கடுகு வாயுவைப் பயன்படுத்த ஆரம்பித்தபோது நிலைமை இன்னும் மோசம். ஈரமான தோலைப் பொசுக்கும் வாயு அது. வெறும் தொடையோடு நின்றவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்னு யோசிச்சுப் பாருங்க.

‘தி லாங்கஸ்ட் டே’ - நம்ப முடியாதது, ஆனா உண்மை

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே சண்டைக்களத்தில் கில்ட் வேண்டாம் என்று பிரிட்டிஷ் ராணுவம் முடிவெடுத்துவிட்டது. அதனால் 1944-ல் நார்மண்டியில் இறங்கிய ஸ்காட்டிஷ் வீரர்கள் எல்லோரையும்போல கால்சட்டைதான் போட்டிருந்தார்கள்.

அப்போ, 1962-ல் வந்த ‘தி லாங்கஸ்ட் டே’ படத்தில் குண்டுமழைக்கு நடுவே ஒருத்தர் கில்ட் கட்டி பேக்பைப் வாசிக்கிறாரே, அது பொய்யா? இல்லை! அவர் 21 வயது பில் மில்லின். 1944, ஜூன் 6-ல் ஸ்வார்ட் கடற்கரையில் அவர் வாசித்தது உண்மை. கட்டியிருந்தது முதல் உலகப் போரில் அவருடைய அப்பா கட்டிய கேமரன் கில்ட். வாசிக்கச் சொன்ன தளபதி யார் தெரியுமா? அதே ஃப்ரேசர் குடும்பத்து வாரிசான லவாட் பிரபு.

பைத்தியம் என்று நினைத்து ஜெர்மானியர்கள் தன்னைச் சுடாமல் விட்டதாக மில்லின் பின்னாளில் சொன்னார். 2010-ல் அவர் காலமானார். நார்மண்டியில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.

அடுத்த முறை கவனிங்க

* கதை 1600-க்கு முந்தையதா? கில்ட் வந்தால் தப்பு.
* 1747 - 1782 ஹைலேண்ட்ஸ் கிராமமா? ராணுவத்தில் இல்லாத ஆண் தெருவில் கில்ட்டோடு நடந்தால் ஜெயில் நிச்சயம்.
* முதல் உலகப் போரா? காக்கி ஏப்ரன் இருக்கான்னு பாருங்க.
* 1944-ஆ? படை முழுக்க கில்ட் என்றால் நம்பாதீங்க. ஒரே ஒருத்தர் பேக்பைப்போட வந்தால் தாராளமா நம்பலாம்.

சினிமாவில் கொஞ்சம் கற்பனை இருக்கட்டும், தப்பில்லை. ஆனா, அந்தத் துணிக்காக ஜெயிலுக்குப் போனவர்களும் அதோடு சேற்றில் செத்தவர்களும் நிஜ மனிதர்கள். அது தெரிஞ்சு பார்த்தால், அடுத்த முறை பேக்பைப் சத்தம் உங்களுக்கு வேற மாதிரி கேட்கும்.