பொருள் திருப்பலும் பொய்க் கோரிக்கையும்

இணையச் சந்தையில் வாங்கிய பொருளில் இல்லாத குறையை இருப்பதாகக் கூறியோ, வேறொரு பொருளை மாற்றி வைத்தோ பணத்தைத் திரும்பப் பெற முயல்வது பொய்யான திருப்பல் கோரிக்கை ஆகும். இது புதிய சிக்கல் போலத் தோன்றினாலும், இதன் அடிப்படைக் கேள்வி மிகப் பழையது: பொருள் கைமாறிய நேரத்தில் அது எந்த நிலையில் இருந்தது என்பதை எப்படி உறுதிசெய்வது?

நேரடிச் சந்தை

கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டையில் தை மாதம் 5ஆம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா நடைபெறுகிறது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்காக இங்கு எழுந்தருள்கிறார். இத்தகைய திருவிழாக் கடைகளில் பானையைத் தட்டிப் பார்த்து, துணியை விரித்துப் பார்த்து வாங்குவதே வழக்கம். விற்பவரும் வாங்குபவரும் பொருளை ஒன்றாகப் பார்த்துவிடுவதால், பின்னர் எழும் தகராறு குறைவு.

பழைய நூல்களில்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் போற்றுகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரமும் வணிகருக்கு அறம் கூறுகிறது. இவை விற்பவரை நோக்கிப் பேசுகின்றன. வடமொழி நூல்களோ வாங்குபவரையும் கட்டுப்படுத்தின. அர்த்தசாத்திரத்தின்படி, விற்ற பொருளைக் கொடுக்க மறுப்பவருக்கும், வாங்கிய பொருளை ஏற்க மறுப்பவருக்கும் தண்டம் ஒன்றே: 12 பணம். பொருளில் குறை இருந்தால் இது பொருந்தாது.

நாரத ஸ்மிருதி கால வரம்பும் விதித்தது. வாங்கிய நாளிலேயே கெடாமல் திருப்பினால் முழு விலையும் கிடைக்கும். இரண்டாம் நாள் திருப்பினால் விலையில் 30இல் ஒரு பங்கும், மூன்றாம் நாள் அதைப் போல் இரு மடங்கும் கழிக்கப்படும். அதன் பிறகு திருப்ப முடியாது.

அஞ்சல்வழி வணிகம்

இந்தியாவில் 1877இல் வி.பி.பி. முறை தொடங்கியது. அஞ்சல்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் அனுப்பியவருக்குச் சேரும். முகம் பார்க்காத வணிகம் இதனால் பரவியது. வாங்குபவர் பார்சலை மறுத்துவிட்டால், அஞ்சல் செலவு அனுப்பியவர் தலையில் விழுந்தது. ஆர்டர் கேட்காமலே பார்சல் அனுப்பும் மோசடிக்கும் இடமிருந்தது. எனவே, உண்மையான ஆர்டரின் பேரிலேயே அனுப்புவதாக அனுப்புநர் உறுதி கூற வேண்டும் என விதிக்க 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் இடமளித்தது.

சட்டங்கள்

1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொருளைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை வாங்குபவருக்கு அளிக்கிறது. 42ஆம் பிரிவின்படி, நியாயமான காலம் கடந்தும் மறுக்காமல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவரின் கையை வலுப்படுத்தியது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, தொல்லை தரும் நோக்கில் புகார் கொடுப்பவருக்குச் செலவுத்தொகை விதிக்க இடமளித்தது.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்துக்கு மாறானதாகவோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்ப ஏற்க மறுக்கக் கூடாது. குறையற்ற பொருளையும் திரும்ப ஏற்பது பெரும்பாலும் இணையச் சந்தை தானே அளிக்கும் சலுகை. பொய்க் கோரிக்கைகள் அதிகம் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

இணையச் சந்தையில்

2010இல் பிளிப்கார்ட் தொடங்கிய 'பொருளைப் பெறும்போது பணம்' முறையை வி.பி.பி.யின் வாரிசு எனலாம். வி.பி.பி.யில் பணம் கொடுத்தால் வணிகம் முடிந்தது. இங்கே அதன் பிறகும் திருப்ப முடியும். விழாவுக்கு உடுத்திய சேலையைத் திருப்புவது, புதிய பொருளுக்குப் பதில் பழையதை வைத்து அனுப்புவது, பெட்டி காலியாக வந்தது என்பது ஆகியவை பொதுவான வகைகள். 2017இல் டெல்லிக் காவல்துறை ஓர் இளைஞரைக் கைது செய்தது. அமேசானில் 166 கைபேசிகளை வாங்கி, காலிப் பெட்டியே வந்தது எனக் கூறி ஏறத்தாழ 50 லட்சம் ரூபாயைத் திரும்பப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு.

பெரிய நிறுவனம் இத்தகைய இழப்பைத் தாங்கிவிடும். வீட்டிலிருந்து பத்துச் சேலை விற்பவருக்கு ஒரு சேலை போனாலே அந்த வார லாபம் போய்விடும்.

விற்பனையாளர் செய்யத்தக்கவை

* பொருள், வரிசை எண், எடை, ஆர்டர் எண் ஆகியவை தெரியும்படி, பெட்டியை ஒட்டும் வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்தல்.
* அகற்றினால் மறுபடி ஒட்ட முடியாத அடையாளச் சீட்டு இணைத்தல்.
* திரும்பி வந்த பார்சலையும் வீடியோ எடுத்தபடியே பிரித்தல்.
* சந்தை குறித்த நாட்களுக்குள் ஆதாரத்துடன் இழப்பீடு கோருதல்.
* வாங்கியவரைப் பழிக்காமல், நடந்ததை மட்டும் எழுதுதல்.
* பெருந்தொகை என்றால் காவல்துறையை அணுகுதல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலைத் தண்டிக்கிறது.

திருப்புவோர் எல்லாரும் பொய்யர் அல்லர்; அளவு பொருந்தாததும், வழியில் உடைவதும் உண்மையாகவே நடப்பவை. ஆதாரம் இருந்தால், பொய்யான கோரிக்கையை மறுக்க முடியும். உண்மையான கோரிக்கையைச் சந்தேகமின்றி ஏற்கவும் முடியும்.