கற்றல் நிலை கடைசி இருக்கை ஆகக் கூடாது: நிலைவாரிக் கற்பித்தலும் சட்டமும்

ஒரே வகுப்பில் அமரும் குழந்தைகள் எல்லோரும் ஒரே நிலையில் வாசிப்பதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டாரத்தின் தலித் கூலிக் குடும்பங்களிலிருந்தும் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுள் பலர் முதல் தலைமுறையாக எழுத்தறிவு பெறுபவர்கள். பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் செல்லும்போது இவர்களது படிப்பு அறுபடுகிறது. இந்த இடைவெளிக்கு ‘மந்தம்’ என்று பெயரிடுவது எளிது. அதை நிரப்புவதோ சட்டப்படியான கடமை.

சட்டம் சொல்வது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 24(1)(ஈ)-இன்படி, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவையான கூடுதல் பயிற்சியை ஆசிரியர் அளிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பதை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் பிரிவுகள் 8, 9 கடமையாக்குகின்றன. ஆனால், 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு அதே சட்டத்தின் அட்டவணை இரண்டு ஆசிரியர்களையே குறிக்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் பள்ளியில் நிலைவாரிக் கற்பித்தல் அன்றாடத் தேவையாகிவிடுகிறது.

தமிழ்நாட்டின் அனுபவம்

ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, குழந்தை தன் வேகத்தில் ஏணிப்படியாக முன்னேறியது. விடுப்பு எடுத்த குழந்தை விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய பாதுகாப்பு. பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளை வகுத்தது.

எங்கே தவறுகிறது?

நிலை என்பது ஒரு பாடத்தில் ஒரு குழந்தை இன்று நிற்கும் இடம் மட்டுமே. தமிழில் அரும்பாக இருப்பவர் கணக்கில் மலராக இருக்கலாம். மறுமதிப்பீடு நின்றுபோனால் நிலை நிரந்தர முத்திரையாகிறது. சாதியால் பிரிந்த ஊரில் அந்த முத்திரை சேரிப் பிள்ளைகள் மீதே விழும் அபாயம் அதிகம்.

இது வெறும் அச்சம் அல்ல. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளில் ‘திறன்’ அடிப்படையிலான பிரிவுகள் கறுப்பின, ஏழைக் குழந்தைகளைக் கீழ்ப்பிரிவில் தேக்கிவைத்தன. அந்த முறை சட்டவிரோதம் என 1967-இல் ஹாப்சன் எதிர் ஹான்சன் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாங்குநேரி வன்முறையை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கை, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்தப் பரிந்துரைத்தது. நிலைவாரிக் குழுக்கள் பயிற்சி நேரத்தோடு கலைய வேண்டும். இருக்கை வரிசை நிலையைக் காட்டக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

• பிள்ளை எந்தப் பாடத்தில் எந்த நிலை? கடைசியாக மதிப்பிட்டது எப்போது?
• கூடுதல் பயிற்சி யாரால், எந்த நேரத்தில் தரப்படுகிறது?
• கீழ்நிலைக் குழுவில் ஒரே தெருப் பிள்ளைகள் மட்டுமே இருக்கிறார்களா? ஏன்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. பின்தங்கிய பிரிவினருக்கு விகிதாச்சார இடமும் உண்டு (பிரிவு 21). இக்கேள்விகளை அங்கே எழுப்பித் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் செய்ய வேண்டும். பதில் இல்லையெனில், பிரிவு 32-இன்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் முடிவு வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம். புகாரின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.