முடி கொட்டாத நாயும் ஹவாய் அம்மாவும்

எங்கள் வீட்டு பூந்திக்கு நாலு வயசு. அம்மா காக்கர் ஸ்பேனியல், அப்பா பூடுல். இந்தக் கலப்புக்கு காக்கபூ என்று பேர். மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "காக்காவா, பூவா, ஒண்ணைச் சொல்லுடா" என்றார் அப்பா :-)

போன மாதம் கொண்டாப்பூர் நாய்ப் பூங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தோம். (குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் இடம் அது. 2018-ல் ஐதராபாத் மாநகராட்சி பூங்காவாக்கியது.) பூந்தியை நான் தமிழில் திட்டுவதைக் கேட்டு அவர்களே வந்து பேசினார்கள்.

"சார், இதுக்கு முடி கொட்டாதாமே? பையனுக்கு வீசிங் இருக்கு. ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறோம்."

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

பூடுல் ஆதியில் சோபா நாய் இல்லைங்க. ஐரோப்பாவில் வேட்டைக்காரர் சுட்ட வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்வி வந்த நாய். நீந்த வசதியாக உடம்பு முடியை வெட்டிவிட்டு, குளிர் தாக்காமல் இருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் விட்டார்கள். இன்றைக்கு நாம் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கொண்டை கொண்டையான அலங்காரம் அப்படி வந்ததுதான்.

1980களில் ஹவாயில் கண் தெரியாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. கணவருக்கோ நாய் அலர்ஜி. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் நிறுவனத்துக்கு எழுதினார். அங்கே வேலை பார்த்த வாலி கான்ரன் 33 பூடுல்களைச் சோதித்தார். ஒன்றும் அந்த வேலைக்குத் தேறவில்லை. கடைசியில் லாப்ரடாரையும் பூடுலையும் சேர்த்தார். 1989-ல் பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. பெயர் சுல்தான்.

கவனியுங்கள், ஒரே வயிற்றில் பிறந்த மூன்றில் ஒன்று!

கலப்பு நாய் என்றதால் அந்தக் குட்டிகளை வளர்க்க யாரும் முன்வரவில்லை. கான்ரன் "லாப்ரடூடுல்" என்று புதுப் பெயர் சூட்டினார். அப்புறம் போன் ஓயவில்லை. உலகமே கேட்டது, கண்டபடி இனப்பெருக்கம் செய்து விற்பவர்களும் கிளம்பினார்கள். பிற்காலத்தில் அவரே இதற்காக வருந்திப் பேசினார்.

அலர்ஜியைக் கிளப்புவது முடி அல்ல. எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதம். 2012-ல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில், "அலர்ஜி வராத" இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை. அப்புறம், கொட்டாத முடி எங்கே போகும்? சுருளுக்குள்ளேயே சிக்கிச் சடை பிடிக்கும். ராத்திரி எத்தனை மணிக்கு ஆபீஸ் கால் முடிந்தாலும் பூந்திக்கு சிக்கெடுத்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம்.

அவர்களிடம் சொன்னது இதுதான்: "முதல்ல டாக்டரைக் கேளுங்க. வாங்கப்போற குட்டியோட பையனை நாலஞ்சு தடவை உட்கார வச்சுப் பாருங்க. ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. ஆறு மாசம் வளர்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தா, பையனும் அழுவான், அதுவும் அழும்."

பையன் முகம் வாடிவிட்டது. சுல்தான் கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.