ஊற்று, புட்டி, வடிகட்டி

'இயற்கை' என்கிற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. தென் பிரான்சில் வெர்ஜேஸ் ஊரிலிருந்து வரும் 'பெர்ரியே' ஊற்றுத் தண்ணீரை வைத்து அதை வாசிக்கலாம்.

1898இல் லூயி பெர்ரியே என்ற மருத்துவர் வாங்கியபோது அது நோயாளிகள் குளிக்க வந்த இடம். 1903இல் ஜான் ஹார்ம்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயரின் கைக்குப் போனது. லண்டனில் 'டெய்லி மெயில்' பத்திரிகையை நடத்திய குடும்பம் அவருடையது. குளியலை மூடினார், தண்ணீரைப் புட்டியில் அடைத்து, மருத்துவரின் பெயரைச் சூட்டினார். 1906இல் கார் விபத்தில் கால்கள் முடங்கிப்போன அவர், கைகளுக்குப் பயிற்சியாகக் கர்லாக்கட்டை சுற்றினார். அந்த வடிவம்தான் பச்சைப் புட்டிக்கு வந்தது. நம்ம ஊர்ப் பயில்வான்கள் சுத்துறாங்களே, அதே கட்டைதான். வெள்ளை ராணுவத்தார் இந்தியாவில் பழகி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. காலனிய உடலின் கருவி கண்ணாடியாகி, ஆளும் வர்க்கத்தின் சாப்பாட்டு மேசையில் ஏறியது.

1990 பிப்ரவரியில் அமெரிக்காவில் இந்தத் தண்ணீரில் பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. நிறுவனம் முதலில் என்ன சொன்னது? இயந்திரத்தைத் துடைத்த தொழிலாளி தவறான திரவத்தைப் பயன்படுத்திவிட்டார் என்றது. பழி போடக் கையில் கிடைப்பவர் எப்போதும் தொழிலாளிதானே! பிறகு உண்மை வெளியே வந்தது. ஊற்றின் வாயுவிலேயே பென்சீன் இருக்கிறது. அதைப் பிடிக்கும் வடிகட்டிகளை உரிய நேரத்தில் மாற்றவில்லை. உலகமெங்கும் சுமார் 16 கோடிப் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. தண்ணீரையும் வாயுவையும் தனித்தனியே எடுத்து ஆலையில் சேர்க்கிறார்கள் என்பதும் அம்பலமானது. 'இயற்கையாகவே நுரைப்பது' என்ற வாசகத்தை அமெரிக்காவில் லேபிளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

1992இல் நெஸ்லே வாங்கியது. 'இயற்கைக் கனிம நீர்' என்று விற்றால் கிருமிநீக்கம் செய்யக்கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். பெர்ரியே உள்ளிட்ட தன் தண்ணீர்களில் புற ஊதாக் கதிரும் கரி வடிகட்டியும் பயன்படுத்தியதை நெஸ்லே 2024 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, மலக் கிருமி காரணமாக சுமார் 20 லட்சம் பெர்ரியே புட்டிகள் அழிக்கப்பட்டன. விஷயம் அரசாங்கத்துக்கு 2021லேயே தெரியும். அரசே மூடிமறைத்தது என்று 2025 மே மாதம் பிரெஞ்சு செனட் விசாரணைக் குழு சொன்னது.

1990இல் மாற்றாமல் விட்ட வடிகட்டி. 2024இல் இருக்கவே கூடாத வடிகட்டி. இரண்டு முறையும் மறைக்கப்பட்டது, 'இயற்கை'யை உற்பத்தி செய்யும் ஆலைதான். ஊற்று, சுற்றியுள்ள நிலத்திலிருந்து தனித்து நிற்பதில்லை. நிலத்தடி நீர் கெட்டால் ஊரார் கிணறும் கெடும், கம்பெனியின் கிணறும் கெடும். கம்பெனியிடம் வடிகட்டியும் இருக்கிறது, அமைச்சரைப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. ஊராரிடம்? நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாகக் காப்பது பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், லேபிளிலிருந்து அல்ல.